பிள்ளைகளுக்குக் கானாவைக் காட்டுவோம்: வீட்டிலேயே செய்ய ஒரு முழு வழிகாட்டி

ஆப்பிரிக்கா என்றதும் என்ன ஞாபகம் வருகிறது என்று எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த ஒன்பது பிள்ளைகளிடம் கேட்டேன். சிங்கம், யானை, பாலைவனம், பசி என்று வரிசையாகச் சொன்னார்கள். ஆறு வயதுக் குட்டி ஒருத்தி "காட்டுவாசி" என்றாள். ஒரு மனிதருடைய பெயர் ஒரு வாயிலிருந்தும் வரவில்லை.

என் கணவருக்குத் தேமா துறைமுகத்தில் வேலை. மூன்று வருடம் கானாவில் இருந்துவிட்டு வந்தோம். போன முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கிழமையில் பிறந்தாய்?" என்பதுதான். வியாழக்கிழமை என்றேன். "அப்படியானால் நீ யா" என்றார். அன்றிலிருந்து ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அந்தத் தெருவுக்கு நான் யாதான்.

ஒரு நாட்டைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் பெயரிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் நம்புவது இதனால்தான். தலைநகரம், நாணயம், விளைபொருள் எல்லாம் பிறகு வரட்டும். கீழே இருப்பது நானும் அந்த ஒன்பது பிள்ளைகளும் ஆறு சனிக்கிழமைகளில் செய்து பார்த்த வழி. ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். சேர்த்து வைக்க வேண்டியவையும் குறைவு: ஓர் உலக வரைபடம், ஒரு கைப்பிடிக்கும் கூடுதலாகப் புளியங்கொட்டை, வண்ணக் காகிதம், நாலு உருளைக்கிழங்கு, பழுத்த நேந்திரம்பழம்.

முதல் படி: கண்டத்தை மூடி வையுங்கள், நாட்டைத் திறங்கள்

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். "ஆப்பிரிக்க உணவு", "ஆப்பிரிக்க உடை" என்று பேச ஆரம்பித்தாலே எல்லாம் கலங்கிவிடும். "இன்றைக்கு நாம் கானாவுக்குப் போகிறோம்" என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் வயிற்றுப் பகுதியைக் காட்டுங்கள். தெற்கே கினி வளைகுடா, மேற்கே ஐவரி கோஸ்ட், வடக்கே புர்கினா ஃபாசோ, கிழக்கே டோகோ. அப்புறம் பிள்ளைகளையே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். மதுரையில் விரலை வைத்து, அட்சக்கோட்டை விடாமல் மேற்கே நகர்த்திக்கொண்டே போகட்டும். அரபிக்கடல், சோமாலியா, எத்தியோப்பியா எல்லாம் தாண்டி வட கானாவில், தமாலே நகரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நிற்கும். கொழும்பிலிருந்து தொடங்கினால் குமாசிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வெயிலும் மழையும் வாழையும் தென்னையும் அங்கேயும் இருப்பது ஏன் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நேரமும் ஒரு நல்ல பிடி. உலகத்தின் பூஜ்ய தீர்க்கக்கோடு தேமா ஊருக்குள்ளேயே போகிறது. நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை ஒன்பதுக்குப் பள்ளி மணி அடிக்கும்போது கானாப் பிள்ளைகளுக்கு விடிகாலை மூன்றரை, நல்ல தூக்கம். இதைக் கேட்டதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள்.

பரப்பளவு சுமார் 2,38,500 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மக்கள் தொகை மூன்று கோடியைத் தாண்டும். எண்களை இத்தோடு விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: ஆளுக்கொரு கிழமைப் பெயர்

இதற்கு ஒரு முழு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். கானாவின் மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அகான் இனத்தவர். பிறந்த கிழமையே அவர்கள் வழக்கத்தில் பிள்ளையின் முதல் பெயர். அப்பா அம்மா யோசித்து வைக்கும் பெயர் அதற்குப் பிறகுதான். எவே என்ற இன்னோர் இனத்தவரிடமும் கிழமைப் பெயர் வழக்கம் உண்டு.

செல்பேசி நாட்காட்டியில் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியையும் போட்டுக் கிழமையைக் கண்டுபிடியுங்கள். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குப் பார்த்துச் சொல்லலாம். முதலில் ஆண் பெயர், அடுத்தது பெண் பெயர்:

ஞாயிறு: க்வாசி, அகோசுவா
திங்கள்: க்வாஜோ, அஜோவா
செவ்வாய்: க்வாபெனா, அபெனா
புதன்: க்வாகு, அகுவா
வியாழன்: யாவ், யா
வெள்ளி: கோஃபி, அஃபியா
சனி: க்வாமே, அமா

ஊருக்கு ஊர் உச்சரிப்பு கொஞ்சம் மாறும், அஃபியாவை அஃபுவா என்பவர்களும் உண்டு. அட்டையில் பெயரை எழுதிச் சட்டையில் குத்திவிடுங்கள். அன்றைக்கு முழுக்க அந்தப் பெயரிலேயே கூப்பிட வேண்டும். நான் ஆறு வாரமும் அப்படித்தான் கூப்பிட்டேன். "காட்டுவாசி" என்று சொன்ன குட்டி வெள்ளிக்கிழமை பிறந்தவள். இனி இந்தக் கட்டுரையில் அவள் அஃபியா.

பெயர் கையில் வந்ததும் ஆட்கள் வருவார்கள். கானாவுக்கு விடுதலை வாங்கித்தந்த தலைவர் க்வாமே என்க்ரூமா. "அவர் என்ன கிழமை?" என்று கேளுங்கள், பிள்ளைகள் அட்டவணையைப் பார்த்துச் "சனி!" என்று கத்துவார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக 1997 முதல் 2006 வரை இருந்தவர் கோஃபி அன்னான். 2001இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் பிறந்தது 1938 ஏப்ரல் 8. சந்தேகப்பட்ட ஒரு பையன் செல்பேசியில் 1938வரை பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தான். வெள்ளிக்கிழமைதான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

யா என்ற பெயருக்கு ஒரு வீராங்கனை இருக்கிறார். குமாசியைத் தலைநகராகக் கொண்டது அசாந்தே அரசு. அதன் உயிரே ஒரு பொன் இருக்கையில் இருப்பதாக அந்த மக்கள் நம்புகிறார்கள். அதில் அரசர்கூட உட்காரமாட்டார். 1900இல் பிரிட்டிஷ் ஆளுநர் அந்த இருக்கையைக் கொண்டுவரச் சொன்னார், தான் உட்காருவதற்கு. ஆண்கள் தயங்கி நின்றபோது எஜிசு ஊரின் அரசித்தாய் யா அசாந்தேவா படைக்குத் தலைமை ஏற்றார். போரில் தோற்றுச் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1921இல் அங்கேயே இறந்தார். ஆனால் பொன் இருக்கை வெள்ளைக்காரர் கையில் கடைசிவரை சிக்கவில்லை. கதையை முடித்துவிட்டு அந்த வட்டத்தில் இருக்கும் வியாழக்கிழமைப் பிள்ளையைப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

பெயர் சூட்டும் சடங்கையும் சொல்லுங்கள். பிறந்து எட்டாம் நாள் விடிகாலையில் குழந்தையை முதன்முறையாக வெளியே கொண்டுவருவார்கள். ஒரு பெரியவர் விரலைத் தண்ணீரில் தோய்த்துக் குழந்தையின் நாக்கில் வைப்பார், பிறகு மதுவில் தோய்த்து வைப்பார். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், மதுவை மது என்று சொல், பொய் பேசாதே என்பது பொருள். சின்னப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்க வெறும் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் போதும். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: நாலு வார்த்தை

ஆட்சிமொழி ஆங்கிலம்தான். ஆனால் சந்தையில் ட்வி, எவே, கா, தக்பானி என்று பல மொழிகள் ஒலிக்கும். அகான் மக்களின் மொழியான ட்வியில் நாலு வார்த்தை போதும். "அக்வாபா" என்றால் வாருங்கள், நல்வரவு. "மெதாசே", நன்றி. "மாச்சே", காலை வணக்கம். "எத்தெ சென்?", எப்படி இருக்கிறாய்? பதில், "எயே", நன்றாக இருக்கிறேன். குறில் எகரம், நெடில் ஏகாரம் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நம் பிள்ளைகளின் நாக்குக்கு இவை சுலபமாக வரும். மாடிப்படியில் ஏறி வரும் ஒவ்வொருவரையும் "அக்வாபா" சொல்லி வரவேற்கும் வேலையை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் பாட்டிகள் கண்டிப்பது போலவே அங்கேயும் கண்டிப்பார்கள்.

நான்காம் படி: சிலந்தியின் கதை

க்வாகு அனன்சே என்பது ஒரு சிலந்தி. க்வாகு என்ற பெயரைப் பார்த்ததுமே புதன்கிழமை பிறந்தவன் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பேராசைக்காரன், சோம்பேறி, ஆனால் மகா தந்திரசாலி. இந்தக் கதைகளுக்கு அனன்செசெம் என்று பெயர். இரவில்தான் சொல்வார்கள். "நாங்கள் சொல்லப்போவது நிஜம் என்று நாங்கள் சொல்லவில்லை" என்ற பொருளில் ஒரு தொடக்க வாசகம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கும் வழக்கம் அசாந்தே மக்களிடம் இருந்திருக்கிறது. நடுவில் கேட்பவர்களே குறுக்கிட்டு ஒரு பாட்டை எடுத்துவிடலாம். அதற்கு ம்மோகுவோ என்று பெயர். கதை சொல்பவர் நிறுத்திவிட்டு, பாட்டு முடிந்ததும் தொடருவார்.

நான் சொன்ன கதை இது. உலகத்து அறிவையெல்லாம் தான் ஒருவனே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அனன்சே அதை ஒரு பானையில் சேர்த்து அடைத்தான். யாருக்கும் எட்டாத ஓர் உயரமான மரத்தின் உச்சியில் ஒளித்துவைக்கலாம் என்று பானையை வயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினான். ஏற முடியவில்லை, பானை நடுவில் இடித்துக்கொண்டே இருந்தது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த மகன் என்டிக்கும்மா, "அப்பா, பானையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறலாமே" என்றான். எல்லா அறிவும் என் பானையில் இருக்கிறது, இந்தப் பொடியனுக்கு எங்கிருந்து வந்தது என்று அனன்சேக்குக் கோபம். பானை கைநழுவி விழுந்து உடைந்தது. ஊரே ஓடிவந்து ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டது.

சொல்லும்போது ஒரு தலையணையைப் பானையாக வயிற்றில் கட்டிக்கொண்டு தூணில் ஏறப் பாருங்கள். பாட்டுக்கு என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள், பிள்ளைகளே ஒரு வரியை இட்டுக்கட்டட்டும். எங்கள் மாடியில் ஒரே கதை முக்கால் மணி நேரம் ஓடியது, பாதி நேரம் பாட்டுதான். "இதனால் அறியும் நீதி" என்று கடைசியில் எதையும் ஒட்டாதீர்கள். சிலந்தி தோற்றதில் அவர்களுக்கு இருக்கும் சந்தோஷம் கெட்டுவிடும்.

ஐந்தாம் படி: பல்லாங்குழியின் ஒன்றுவிட்ட சகோதரி

ஒவாரே என்ற ஆட்டத்தைக் கானாவில் மரத்தடியில் கிழவர்களும் விளையாடுவார்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் விளையாடுவார்கள். பல்லாங்குழி தெரிந்த கைக்கு இது ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் விதிகள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆடினால் சண்டை வரும். முதல் வாரம் எங்கள் வீட்டில் வந்தது.

பல்லாங்குழிப் பலகையில் இரண்டு பக்கமும் ஏழேழு குழிகள். ஒவாரேக்கு ஆறாறு போதும், ஆகவே பக்கத்துக்கு ஒரு குழியைக் காகிதம் வைத்து மூடிவிடுங்கள். பலகை இல்லையென்றால் பன்னிரண்டு முட்டை கொள்ளும் அட்டை சரியாக இருக்கும். மண்ணில் குழி தோண்டினால் இன்னும் நல்லது. குழிக்கு நாலு என்று மொத்தம் 48 புளியங்கொட்டை.

உங்கள் பக்கத்து ஆறு குழிகளும் உங்கள் வீடுகள். உங்கள் முறை வரும்போது உங்கள் வீடுகளில் ஒன்றிலிருந்து எல்லாக் கொட்டைகளையும் அள்ளி, வலப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். கடைசிக் கொட்டை விழுந்த இடத்தில் உங்கள் முறை முடிந்தது. பல்லாங்குழியில் செய்வது போல அடுத்த குழியை அள்ளித் தொடரக் கூடாது. எடுத்த குழியில் 12 அல்லது அதற்கு மேல் கொட்டை இருந்து ஒரு சுற்று சுற்றி வந்தால், புறப்பட்ட குழியை மட்டும் தாண்டிவிட வேண்டும்.

இனி எடுப்பது. உங்கள் கடைசிக் கொட்டை எதிராளியின் வீட்டில் விழுந்து, அங்கே மொத்தம் இரண்டு அல்லது மூன்று ஆகிவிட்டால் அவை உங்களுக்கு. அதற்கு ஒட்டினாற்போல முந்தைய குழியும் எதிராளியின் பக்கத்தில் இருந்து அதிலும் இரண்டோ மூன்றோ இருந்தால் அதுவும் உங்களுக்கு. இப்படிப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போகலாம். இடையில் ஒன்றோ நாலோ இருக்கும் குழி வந்தால் நிறுத்த வேண்டும். 25 கொட்டை சேர்த்தவர் ஜெயித்தார்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. எதிராளியின் ஆறு வீடுகளும் காலியாகிவிட்டால், அவருக்குக் கொட்டை போய்ச் சேரும்படிதான் நீங்கள் ஆட வேண்டும், அப்படி ஆட வழி இருக்கும்வரை. எதிரில் இருப்பவரைப் பட்டினி போடக் கூடாது. எட்டு வயதுக் க்வாபெனா ஒரு தடவை எதிரில் இருந்த அஃபியாவின் வீடுகளைக் காலி செய்துவிட்டு ஜெயித்த சிரிப்போடு நிமிர்ந்தான். விதியைச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஐந்து கொட்டையை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டான், மூன்று அவள் பக்கம் போய் விழுந்தன. அந்த மூன்றை வைத்தே அவள் இன்னும் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தாள்.

ஓடியாட வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகளுக்கு அம்பே இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கைதட்டிக் குதித்து, இறங்கும்போது ஒரு காலை முன்னே நீட்டுவார்கள். ஒரே பக்கத்துக் கால்கள் எதிரெதிரே வந்தால் ஒருவருக்குப் புள்ளி, மாறி வந்தால் மற்றவருக்கு. யாருக்கு எது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். கானாவில் பெண் பிள்ளைகளின் ஆட்டம் இது. வாயில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆறாம் படி: அடுப்படி

தேமாவில் பொழுது சாய்ந்ததும் தெருமுனையில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். இஞ்சி வாசனை வீடுவரை வரும். அதுதான் கெலேவெலே. நம் ஊர் நேந்திரம்பழத்தில் அப்படியே வரும். நன்றாகப் பழுத்த, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த மூன்று பழத்தைச் சிறு துண்டுகளாகச் சாய்வாக வெட்டுங்கள். ஒரு விரல் நீள இஞ்சி, இரண்டு காய்ந்த மிளகாய், இரண்டு கிராம்பு, உப்பு சேர்த்து அரைத்துப் பழத்தில் பிரட்டிக் கால் மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு எண்ணெயில் ஓரம் கருஞ்சிவப்பாகும்வரை பொரித்து எடுங்கள். வறுத்த வேர்க்கடலையோடு சாப்பிட வேண்டும். வெட்டுவதும் பிரட்டுவதும் பிள்ளைகள் செய்யலாம், எண்ணெய் உங்கள் வேலை.

மற்ற உணவுகளைப் பற்றிக் கதையாகச் சொல்லலாம். மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காய் வகையையும் வேகவைத்து, பெரிய மர உரலில் ஒருவர் இடிக்க, இன்னொருவர் இடிக்கு இடி கையை விட்டுப் புரட்டிக் கொடுப்பார். ஒரு கணம் பிசகினாலும் கை நசுங்கும். அப்படி வருவது ஃபுஃபு. அதைச் சூப்பில் தோய்த்து, வலது கையால் கிள்ளி, மெல்லாமல் விழுங்க வேண்டும். நான் முதல் நாள் மென்றுகொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். புளித்த மக்காச்சோள மாவைக் கதிரின் தோலில் சுற்றி வேகவைத்தால் கெங்கே. அரிசியும் காராமணியும் சோளத் தட்டையின் இலையோடு சேர்த்து வெந்து செம்பழுப்பாக வருவது வாச்சே. அதைக் காலையில் வாங்க வரிசையில் நிற்பார்கள்.

ஏழாம் படி: துணி பேசும்

கெந்தே துணியைத் தறியில் அகலமாக நெய்வதில்லை. நாலு விரற்கடை அகல நீளப் பட்டைகளாக நெய்து, பிறகு பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பார்கள். குமாசிக்கு அருகே போன்வியர் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. எவே நெசவாளர்களுக்கும் தனி மரபு உண்டு. சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்து இரண்டு சகோதரர்கள் கற்றுக்கொண்டதாகப் போன்வியரில் கதை சொல்வார்கள், நம் அனன்சேதான். 2024இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் கெந்தே நெசவைச் சேர்த்தது.

காகிதத்தில் பின்னும்போது பெரும்பாலும் ஒரே பெரிய தாளில் பின்ன வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குறுகிய பட்டையைப் பின்னட்டும், கடைசியில் ஒன்பது பட்டைகளையும் அருகருகே ஒட்டி ஒரே துணியாக்குங்கள். கெந்தே உருவாகும் விதமே அதுதான்.

துணியில் அச்சாகக் குத்தும் அடின்க்ரா சின்னங்களுக்கு உருளைக்கிழங்கைக் குறுக்கே வெட்டி அச்சு செதுக்குங்கள். என்டோன்சோ ஊரில் இதைச் சுரைக்குடுவைத் துண்டில் செதுக்கி, மரப்பட்டையைக் காய்ச்சிய கருஞ்சாயத்தில் தோய்த்துக் குத்துவார்கள். பழைய நாளில் இது துக்க வீட்டுத் துணி. இரண்டு சின்னம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தலையைப் பின்னால் திருப்பியிருக்கும் பறவை சங்கோஃபா: மறந்துவிட்டதைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்வது தப்பில்லை என்று பொருள். ஒரே வயிற்றை ஒட்டிய இரண்டு முதலைகள் இன்னொன்று: வயிறு ஒன்றுதான், ஆனாலும் சாப்பாட்டுக்குச் சண்டை போடுகின்றன. அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

எட்டாம் படி: சாக்லேட்டைப் பின்னோக்கிப் பாருங்கள்

ஆளுக்கொரு துண்டு சாக்லேட் கொடுத்துவிட்டு, இது எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். கோகோ உற்பத்தியில் ஐவரி கோஸ்டுக்கு அடுத்தபடியாக நெடுங்காலம் நின்ற நாடு கானா. இந்த மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா. டெட்டே க்வார்ஷி என்ற கொல்லர் 1870களில் ஃபெர்னாண்டோ போ தீவில் வேலை செய்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த விதைகளை மாம்பொங்கில் நட்டார். அதிலிருந்துதான் ஊரெல்லாம் பரவியது என்று கானாவில் சொல்வார்கள். காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளை வாழை இலையில் மூடி ஒரு வாரம் போலப் புளிக்கவைத்து, பிறகு வெயிலில் காயவைப்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ போட்டிருக்கிறார்கள். ஒரு காயைக் காட்ட முடிந்தால் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: கடற்கரைக் கோட்டை

இதைத் தள்ளிப்போட வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். தள்ளிப்போடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். பெயர், கதை, ஆட்டம், சாப்பாடு எல்லாம் முடிந்து அந்த மக்கள் பிள்ளைகளுக்கு ஆட்களாகத் தெரிந்த பிறகு சொல்லுங்கள். முதல் நாளே சொன்னால் அவர்கள் மனதில் "அடிமைகள்" என்ற ஒரு சொல் மட்டும்தான் தங்கும்.

எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும்: கடல் தாண்டி வந்தவர்கள் அந்த ஊர் மக்களைப் பிடித்தும் விலைக்கு வாங்கியும் கப்பலில் ஏற்றித் தூர தேசத்தில் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். அது பெரிய அநியாயம். அந்த மக்கள் எதிர்த்தார்கள், பிழைத்தார்கள்.

பெரியவர்களுக்கு இடங்களின் பெயரோடு சொல்லலாம். எல்மினா கோட்டையைப் போர்த்துகீசியர் 1482இல் கட்டினார்கள். கேப் கோஸ்ட் கோட்டையில் பிடித்துவந்த ஆண்களை அடைத்துவைத்த பாதாள அறைக்கு மேலேயே ஜெபக்கூடம் இருந்தது. நான் அந்த அறைக்குள் நின்றிருக்கிறேன். வெளிச்சம் வர மேலே சின்ன ஓட்டைதான். நூற்றுக்கணக்கானவர்களை வாரக்கணக்கில் அதற்குள் வைத்திருந்தார்கள். கடலைப் பார்த்துத் திறக்கும் கதவுக்குத் "திரும்ப முடியாத கதவு" என்று பெயர். நாலு நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக்கில் ஏற்றப்பட்டவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேருக்கும் மேல். ஆப்பிரிக்க அரசர்களும் வணிகர்களும் சிலர் இதில் பங்காளிகளாக இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.

நம் கரைக்கும் இதில் தொடர்பு உண்டு. கானாவின் தலைநகர் அக்ராவில் கடலோரம் நிற்கும் கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டை ஒரு காலத்தில் டேனிஷ்காரர்களுடையதாக இருந்தது. தரங்கம்பாடியில் 1620இல் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியவர்களும் அவர்களே. சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியை ஐரோப்பியக் கம்பெனிகள் வாங்கிப்போய் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்தன. நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அந்தத் துணி நம்ம ஊர்த் துணியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

இங்கே பெயர் மறுபடி உதவும். கப்பலில் ஏற்றியவர்கள் அவர்களைக் கணக்கில் எண்ணிக்கையாகத்தான் எழுதினார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டு ஜமைக்காவில் தப்பிப்போனவர்களோடு மலையில் வாழ்ந்து, பிரிட்டிஷ் படையோடு போரிட்டு உடன்படிக்கை செய்துகொள்ள வைத்தவர் பெயர் கஜோ. அட்டவணையைப் பாருங்கள் என்றேன். "க்வாஜோ! திங்கள்!" என்றார்கள். கிழமைப் பெயர் கடல் தாண்டிப் போயிருக்கிறது. அனன்சேயும் போயிருக்கிறான், ஜமைக்காவில் இன்றைக்கும் அவன் கதை சொல்கிறார்கள்.

தோல் நிறத்தைப் பற்றிக் கேள்வி வரும். நம் வீட்டுப் பேச்சிலேயே "கறுப்பா இருந்தாலும்" என்று ஒரு "ஆலும்" ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். அந்த "ஆலும்" தப்பு என்று நேராகச் சொல்லுங்கள். நிகழ்ச்சி என்ற பெயரில் முகத்தில் கரி பூசி இலையாடை கட்டி ஆடவைக்கும் வழக்கம் இன்னமும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

பத்தாம் படி: இன்றைய கானா

கோட்டையோடு முடிக்காதீர்கள். கடைசிச் சனிக்கிழமை இன்றைய கானாவுக்கு. 1957 மார்ச் 6 விடுதலை நாள். தங்கக் கரை என்று பிரிட்டிஷார் வைத்த பெயரை விட்டுவிட்டு, வடக்கே பழங்காலத்தில் இருந்த கானா பேரரசின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கொடியை வடிவமைத்தவர் தியோடோசியா ஒக்கோ என்ற பெண் ஓவியர். சிவப்பு, பொன்மஞ்சள், பச்சை, நடுவில் கறுப்பு நட்சத்திரம். கால்பந்து அணிக்கும் அதே பெயர், கறுப்பு நட்சத்திரங்கள். ஆப்பிரிக்கக் கோப்பையை நாலு முறை வென்ற அணி. 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோலுக்குள் போகவிருந்த பந்தை உருகுவே வீரர் சுவாரெஸ் கையால் தடுத்ததை அங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கதை போதும்.

அக்ராவின் போக்குவரத்து நெரிசல், ட்ரோட்ரோ என்னும் சிற்றுந்துகளில் கதவில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவும் உதவியாள், டிசம்பர் ஜனவரியில் சஹாராவிலிருந்து தூசியை அள்ளிவந்து உதட்டை வெடிக்கவைக்கும் ஹர்மட்டான் காற்று, அக்கோசொம்போ அணை கட்டி 1965இல் உருவான பிரமாண்டமான வோல்டா ஏரி, வடக்கே லராபங்காவில் மண்ணால் எழுப்பிய பழைய மசூதி என்று படம் காட்டிச் சொல்லிக்கொண்டே போகலாம். படங்களில் அடுக்குமாடி வீடும் இருக்கட்டும், பள்ளிச் சீருடையும் இருக்கட்டும்.

உங்கள் ஊர்க் கல்லூரியில் கானா மாணவர் யாராவது படிக்கிறார் என்றால், அவரைக் காட்சிப்பொருளாகக் கூட்டிவந்து நிறுத்தாதீர்கள். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் "அக்வாபா" சொல்லட்டும். பல பேர் உட்கார்ந்திருந்தால் வலது ஓரத்திலிருந்து வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வருவது அந்த ஊர் முறை. குலுக்கிவிட்டுக் கையை விடும்போது இருவர் நடுவிரலும் உரசிச் சொடுக்குச் சத்தம் வர வேண்டும். இதற்குப் பழக்கம் தேவை. அஃபியா எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து நாலு நாள் பழகினாள், ஐந்தாம் நாள் சத்தம் வந்தது.